ஐம்பத்தைந்து வயது வரை: ஊவாத் தோட்டங்களில் வேலை அனுமதியும் வதிவிட அனுமதியும்

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எண்களோடு நின்றுவிடுகிறார்கள். இலங்கையில் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினர் மொத்தம் 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தது 150,000. மலையக வரலாற்று நூல்கள் எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு உண்டு. அதே உடன்படிக்கையில் இன்னொரு பந்தி இருக்கிறது. அதை வாசித்தவர்கள் குறைவு. இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்களுக்கு, புறப்படும் நாள் வரை இலங்கையில் தங்கியிருக்கக் கட்டணமில்லா விசா உள்ளிட்ட வசதிகளை இலங்கை அரசு கொடுக்கும். உடன்படிக்கை கைச்சாத்தான நாளில் தொழிலில் இருந்தவர்கள், தங்கள் முறை வந்து கப்பலேறும் வரையோ 55 வயது நிரம்பும் வரையோ, எது முந்துகிறதோ அதுவரை, அந்தத் தொழிலில் தொடரலாம்.

இது ஒரு வேலை அனுமதிப் பத்திரம். கூடவே ஒரு வதிவிட அனுமதிப் பத்திரமும். இரண்டு அரசுகள் சேர்ந்து, பல லட்சம் பேருக்கு ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொடுத்தது. பெற்றுக்கொண்டவர்களில் பலர் ஊவாவின் ஹாலிஎலையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் பிறந்தவர்கள். இந்தியாவைக் கண்ணால் காணாதவர்களும் அவர்களுள் உண்டு. வெளிநாட்டவருக்கான அனுமதி எல்லையில் தொடங்கி உள்நாட்டை நோக்கி வருவதே உலக வழக்கம். ஊவாவில் அது தலைகீழாக நடந்தது. ஆட்கள் முதலில் வந்தார்கள், மூன்று தலைமுறை வேலை செய்தார்கள், அதன்பின் அனுமதி கேட்கும்படி ஆனார்கள்.

அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஆள்திரட்டிய கங்காணியிடமிருந்து தோட்ட நிர்வாகியான துரைக்கும், துரையிடமிருந்து அரசுக்கும் கைமாறியது என்று இந்த வரலாற்றைச் சொல்வது எளிது. அப்படித்தான் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. என் வாசிப்பு வேறு. அதிகாரம் கைமாறியது உண்மை. ஆனால் ஒருவர் எங்கே, எந்த நாளிலிருந்து இருக்கிறார் என்பதற்கான அத்தாட்சி தோட்ட ஆபீஸின் அலுமாரியை விட்டு நகரவே இல்லை. அரசு அனுமதி வழங்கத் தொடங்கிய பின்னும், அந்த அனுமதிக்குத் தகுதி பெற முதலாளியின் பேரேடே சாட்சியாக நின்றது. பிரஜாவுரிமைச் சிக்கல் இத்தனை காலம் இழுபட்டதில் இதற்கும் பங்குண்டு.

துண்டும் தகர வில்லையும்

ஊவா தனி மாகாணமானது 1886இல். கோப்பி அழிந்து தேயிலை எழுந்துகொண்டிருந்த காலம் அது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார். மலைநாட்டு இரயில் பாதை 1894இல் பண்டாரவளையைத் தொட்டது. அங்கிருந்து பதுளைக்கு வர இன்னும் முப்பது ஆண்டு பிடித்தது. 1924 வரை பதுளைக்கு இரயில் கிடையாது. மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து இன்னும் மலையேறி ஊவாவுக்கு வந்த ஆரம்பகாலத் தொழிலாளருக்கு, தீவிலேயே மிகத் தொலைவான தோட்டங்களில் சில இங்கேதான் வாய்த்தன. வந்த வழி நீளமானால் வழிச்செலவும் நீளும். வழிச்செலவு முழுதும் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறும்.

அந்தக் கடன்தான் முதல் அனுமதிப் பத்திரத்தை உருவாக்கியது. ஒரு கூட்டம் தோட்டம் மாற விரும்பினால், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதைத் ‘துண்டு’ என்றார்கள். துண்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் சேர்க்காது. துண்டோடு போனாலோ பழைய கடனைப் புதிய துரை கட்டி, அதைப் புதிய கடனாக எழுதிக்கொள்வார். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம். ஆக, தீவுக்குள் வருவதற்கு அரசின் தடை எதுவும் பெரிதாக இல்லாத காலத்தில், ஒரு தோட்டத்திலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போவதற்குத் தடை இருந்தது. துண்டுமுறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. வேலையை விட்டதற்காகச் சிறையில் தள்ளுவதும் அக்காலத்தோடு போயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொன்று வந்து சேர்ந்தது. தோட்டத்தின் பதிவெண் பொறித்த தகர வில்லையை ஆட்களிடம் கொடுத்து, அதைக் காட்டினால் வழிநெடுகப் பயணமும் சாப்பாடும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. செலவைப் பின்னால் அந்தத் தோட்டத்திடம் வசூலித்துக்கொண்டது. திருச்சிராப்பள்ளியைத் தலைமையகமாகக் கொண்ட இலங்கைத் தொழில் ஆணையகம் 1904இல் தொடங்கியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் கப்பல் தொடர்பு ஏற்பட்டதும் மண்டபம் முகாம் முக்கிய வாசலாயிற்று. நோய்த்தடுப்புக்காக ஆட்களை அங்கே சில நாள் நிறுத்திவைத்து, பிறகு அனுப்பினார்கள். மண்டபத்தில் குறிக்கப்பட்ட பெயரும் தோட்டமும் நாளும்தான் பல குடும்பங்களைப் பற்றி அரசிடம் எழுத்தில் இருந்த முதல் செய்தி. அன்று அதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிராது.

தகர வில்லையை விசா என்று சொன்னால் மிகையாகும். அது நாட்டுக்குள் நுழையும் உரிமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செலவு யாருடையது என்று மட்டும் சொன்னது. இந்தியாவிலிருந்து வந்தவரும் இலங்கையில் பிறந்தவரும் பிரித்தானிய முடியின் குடிகளே; ஒருவருக்கொருவர் அந்நியர் என்று சட்டம் கருதவில்லை. இந்த நிலையின் எல்லை 1937இல் பரீட்சிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் பக்கம் சேர்ந்துவிட்ட பிரேஸ்கேடில் என்ற இளம் வெள்ளைக்காரச் சின்னத்துரையை 48 மணி நேரத்தில் நாட்டைவிட்டு வெளியேறும்படி ஆளுநர் ஸ்டப்ஸ் ஆணையிட்டார். அவர் ஒளிந்துகொண்டார், காலிமுகத்திடல் கூட்டத்தில் தோன்றினார், பிடிபட்டார். அவசரநிலை இல்லாதபோது இப்படி நாடுகடத்த ஆளுநருக்கு அதிகாரமில்லை என்று மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெள்ளைக்காரர் ஒருவருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களுக்குக் கிடைக்காமற் போனது.

பாதுகாத்த சட்டமே பிரித்தது

‘இந்தியத் தொழிலாளர்’ என்ற தனிவகை எங்கிருந்து வந்தது? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு திடீரென்று முளைத்ததல்ல. 1889இன் கட்டளைச் சட்டம் இந்தியக் கூலிகளைத் தனியாக வரையறுத்தது. இந்திய அரசு 1922இல் குடியகல்வுச் சட்டம் கொண்டுவந்து, ஆட்களை அனுப்புவதற்கு நிபந்தனைகள் விதித்தது. அதற்கு ஈடுகொடுக்க இலங்கை 1923இல் இந்தியக் குடிவரவுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. 1927இன் 27ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்க வழி செய்தது. எல்லாம் அவர்களின் நன்மைக்காகப் போராடிப் பெற்றவை. கோ. நடேசய்யர் போன்றோர் தொழிற்சங்கம் கட்டி எழுப்பிய காலத்தில் இந்தச் சட்டங்களே அவர்கள் கையில் இருந்த ஆயுதம். ஆனால் ஒவ்வொரு பாதுகாப்பும் “இவர் இந்தியர்” என்ற ஒரு வரியைத் தாளில் எழுதிக்கொண்டே போனது.

அந்த வரிக்கு முதல் விலை 1931இல் கேட்கப்பட்டது. டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஆளுநர் ஸ்டான்லி காலத்தில் அதற்கு வேலி கட்டப்பட்டது. இலங்கையை வாழ்விடமாகக் கொண்டவருக்கு வாக்கு. அதை நிறுவ முடியாதவர் எழுத்தறிவும் சொத்தும் வருமானமும் காட்ட வேண்டும், அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும். சான்றிதழுக்கு ஐந்தாண்டு வதிவு தேவை. அதோடு, இந்தியர் என்பதால் சட்டம் தரும் தனிச்சலுகைகளைக் கைவிடுகிறேன் என்ற உறுதிமொழியும் தேவை. சம்பளப் பாதுகாப்பா, வாக்கா? ஒன்றை விட்டால் மற்றது. இலங்கையில் தோட்டத் தொழிலாளியின் முன் நீட்டப்பட்ட முதல் நிரந்தர வதிவிடப் பத்திரம் இதுதான் என்பது என் கருத்து. இதை வாங்க அவர்கள் தயங்கியதை, இந்நாட்டின் மீது பற்றில்லாததற்குச் சாட்சியாகப் பிற்கால அரசியல்வாதிகள் காட்டினார்கள்.

1939இல் கதவு மறுபக்கத்திலிருந்து சாத்தப்பட்டது. அரசுத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை இலங்கை அரசு நீக்கத் தொடங்கியது. ஜூலையில் நேரு வந்து பேசினார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் அந்த வருகையின்போது பிறந்தது. பேச்சு பலிக்கவில்லை. ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்தியா தடைசெய்தது. ஆகவே, பின்னர் ‘அந்நியர்’ என்று எழுதப்பட்ட தோட்ட மக்களில் பெரும்பாலோர் 1939க்கு முன் வந்தவர்களும் அவர்களுக்கு இங்கே பிறந்தவர்களுமே. ஆண்டுதோறும் வந்து குவியும் கூட்டம் என்று கொழும்பில் கட்டப்பட்ட கதைக்கும் இந்தத் திகதிக்கும் பொருந்தாது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, அதே வரிசையில் பதுளையில் எஸ்.எம். சுப்பையா. தோட்டங்களின் வாக்கு ஊவாவிலும் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. நடுவில் இயற்றப்பட்டவை நான்கு சட்டங்கள்.

நான்கு சட்டங்களும் ஒரு பேரேடும்

1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் இலங்கையில் பிறந்த ஒருவர் பிரஜையாக வேண்டுமானால், தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பூட்டன் கோப்பிக்காலத்து ஆள். அவருடைய பிறப்புக்கு எந்தத் தாளும் இல்லை. தாய்வழி கணக்கிலேயே இல்லை. கொழுந்து பறித்து, தன் பெயரில் தனியே சம்பளம் பெற்ற பெண், நாட்டைப் பொறுத்தவரை தந்தையின் மகளாகவோ கணவனின் மனைவியாகவோ மட்டும் நின்றாள். அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் அமுலானது. பிரஜையல்லாதவர் விசாவோ தற்காலிக வதிவிட அனுமதியோ பெற வேண்டும் என்ற ஏற்பாடு அதில் வந்தது. 1949இன் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்காளர் பட்டியலைப் பிரஜைகளுக்கு மட்டும் என்று ஒடுக்கியது.

நான்காவதான 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், விட்ட வாசலைத் திறப்பதாகச் சொன்னது. நிபந்தனை இது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறும். மனைவியும் பராயமடையாத பிள்ளைகளும் இங்கே இருந்திருக்க வேண்டும். போதிய வருமானம் வேண்டும். இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்காதீர்கள் என்றது. பிறகு மனம் மாறியது. அதனால் 1951 ஆகஸ்டுக் கெடு நெருங்கிய மாதங்களில் விண்ணப்பங்கள் வெள்ளமாய்க் குவிந்தன. சுமார் 237,000 விண்ணப்பங்கள். குடும்பத்தோடு சேர்த்தால் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர். பதினைந்து ஆண்டுக்குள் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு.

காலத்தை எப்படி நிரூபிப்பது? இங்கேதான் தோட்ட ஆபீஸ் வருகிறது. வேலைக்கு ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, அன்றைய வேலையைக் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற பேரேட்டில் குறிப்பார். யார், எந்த நாள், எத்தனை நாள் என்பது அதில்தான் இருந்தது. ‘பேர் பதிஞ்சவர்’ என்றால் வேலை உண்டு, லயம் என்ற வரிசை வீட்டில் காம்பிரா, அதாவது ஓர் அறை, உண்டு, அரிசி உண்டு. யுத்தகாலப் பங்கீட்டு அரிசிக்காக எழுதிய வீட்டுப் பட்டியலும், தோட்டப் பள்ளிக்கூடத்து இடாப்பும் விசாரணைகளில் சாட்சியாயின. சம்பளம் போடுவதற்காக எழுதிய ஒரு பேரேடு, நாடு யாருடையது என்று தீர்மானிக்கும் ஆவணமானது. செக்ரோல் பழையதானால் தோட்டம் அதை வைத்திருக்கக் கடமைப்பட்டதல்ல; தோட்டம் கைமாறினால் பேரேடும் எங்கோ போகும். 1930களில் நமுனுகுலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்து, சண்டையாலோ சம்பந்தத்தாலோ லுணுகலைப் பக்கம் பெயர்ந்த குடும்பம், இரண்டு ஆபீஸ்களின் தயவை நம்பியிருந்தது. தாயின் கருமாதிக்கு ஊர் போய், நெல்லறுப்பு முடியட்டும் என்று தங்கி, பதின்மூன்றாம் மாதம் திரும்பியவரின் பிரஜாவுரிமை அந்த ஒரு மாதத்தில் போயிற்று. இந்தச் சட்டத்தைத் தாராளமானது என்று வாதிட்ட அமைச்சர்கள் உண்டு. எழுத்தறிவில்லாத ஒரு சமூகத்திடம் முதலாளியின் எழுத்தை ஆதாரமாகக் கேட்கும் சட்டத்தில் தாராளம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைவீதியும் பங்களாவும்

தோட்டத்துக்கு வெளியே வேறொரு காட்சி. மலையக நகரக் கடைவீதிகளில் இந்தியாவிலிருந்து வந்து துணிக்கடை, பலசரக்குக்கடை, அடகுக்கடை நடத்தியவர்களும் அவர்களிடம் வேலைக்கு இருந்த கடைச்சிப்பந்திகளும், தற்காலிக வதிவிட அனுமதியை நேரடியாகச் சந்தித்தவர்கள். அனுமதி குறிப்பிட்ட காலத்துக்கே. புதுப்பிப்பதும் மறுப்பதும் குடிவரவுக் கட்டுப்பாட்டாளரின் விருப்பம். 1950களில் இலங்கைமயமாக்கம் என்ற கொள்கை இறுக இறுக, கடைகள் கைமாறின. தோட்ட பங்களாவில் இருந்த துரைமாரும் சட்டத்தின் கண்ணில் பிரஜையல்லாதவர்களே. ஒரே தோட்டத்தில் துரையும் அந்நியர், தொழிலாளியும் அந்நியர். துரைக்கு அவருடைய கம்பனி அனுமதி வாங்கிக் கொடுத்தது, திரும்பிப் போகச் சொந்த நாடும் கடவுச்சீட்டும் இருந்தன. தொழிலாளிக்கு அப்போது இரண்டும் இல்லை.

1954 ஜனவரியில் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் செய்துகொண்ட ஒப்பந்தம், களவாக வருவோரைத் தடுப்பதையும், வாக்காளர் பட்டியலில் இல்லாத வயதுவந்தோர் எல்லோரையும் பதிவதையும் பேசியது. பதிவில் இல்லாதவர் களவாய் வந்தவர் அல்ல என்று காட்டும் பொறுப்பு அவர் தலையிலேயே விழுந்தது. கள்ளத்தோணி என்ற ஏச்சு, தோணியே காணாத பசறை மலைக்காரன் மீதும் விழ இதுவே வழி செய்தது.

ஏழுக்கு நான்கு

1964 உடன்படிக்கைக்கு மீண்டும் வருவோம், ஏனெனில் அதன் வாசகம் நின்று வாசிக்கத் தக்கது. தொழிலில் தொடரும் உரிமை, உடன்படிக்கை நாளில் தொழிலில் ‘இருந்தவர்களுக்கு’ மட்டும். 1964இல் பத்து வயதாயிருந்த பிள்ளை, 1970இல் கொழுந்துக்கூடை எடுத்தபோது, அந்த உத்தரவாதத்துக்குள் வரவில்லை. தோட்டம் பேர் பதிந்தால் வேலை. இல்லாவிட்டால் பெற்றோரின் விசாவில் தொங்கும் சார்ந்தவர். 55 என்ற எல்லையும் அப்படியே. பிரஜைக்கு அது ஓய்வு வயதாக இருக்கலாம். இந்தியப் பதிவு பெற்றவருக்கு அது வேலை உரிமை முடியும் நாள். அவர் பெயர் பயணப் பட்டியலில் வராவிட்டாலும் முடியும். வேலை முடிந்தால் காம்பிரா? உடன்படிக்கை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. போகிறவர்கள் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படச் சொத்தைக் கொண்டுபோகலாம், ஒரு குடும்பத்துக்கான உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே இறங்காது என்று மட்டும் எழுதியது.

உடன்படிக்கை முடிந்து இரண்டு மாதம் ஆகுமுன், டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அனுப்பும் வேலை தொடங்குமுன்பே, அவர்களின் முன்னோர் வந்த துறைமுகம் போய்விட்டது. கப்பல் பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது.

நடைமுறைச் சட்டம் 1967இல் வந்தது (14ஆம் இலக்கம்). விண்ணப்பங்கள் 1968 மே முதல் 1970 ஏப்ரல் வரை ஏற்கப்பட்டன. இரண்டு அரசுகளும் எதிர்பாராதது நடந்தது. இந்தியாவுக்குக் கேட்டோர் ஒதுக்கிய 525,000ஐ எட்டவில்லை. இலங்கைக்குக் கேட்டோர் ஒதுக்கிய 300,000ஐப் போல் இருமடங்குக்கும் மேல். 1931 முதல் சொல்லப்பட்டுவந்த பற்றில்லாமைக் கதைக்கு இதைவிட வெளிப்படையான மறுப்பு வேறில்லை. ஆயினும் கதை சாகவில்லை.

டட்லி சேனநாயக்க அரசின் அந்த 1967 சட்டம், இந்தியா ஏழு பேருக்குக் குடியுரிமை கொடுத்தால் இலங்கை நால்வருக்குக் கொடுக்கும் என்றது. 1971இல் சிறிமாவோ அரசு அதைத் திருத்தியது: ஏழு பேர் உண்மையில் கப்பலேறிய பிறகே நால்வருக்கு. இதன் விளைவைப் பலர் கவனிக்கவில்லை. ஒருவரின் பிரஜாவுரிமை, அவருடைய தகுதியையோ வதிவையோ விட்டு, பக்கத்து லயத்துக்காரர் எப்போது புறப்படுகிறார் என்பதில் தொங்கத் தொடங்கியது. போகத் தயங்கியவர் மீது தங்கக் காத்திருந்தவருக்கே எரிச்சல் மூளும் ஏற்பாடு இது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் இந்தியாவுக்கும் ஒருவர் இலங்கைக்கும் எழுதிய குடும்பங்கள் ஊவாவில் ஏராளம்.

இந்தியக் குடியுரிமை பதிவானதும் அவர் குடிவரவுச் சட்டத்தின் கீழ் வதிவிட விசாக்காரர் ஆனார். காலம் முடிந்தும் தங்கினால் குற்றம். வெளியேறும்படி அறிவித்தல் வரும். தாமதத்துக்குக் காரணங்கள் பல. சேமலாப நிதியைப் பெற வேண்டும். அதற்குத் தோட்டம் கணக்குத் தீர்க்க வேண்டும். கணக்கில் பெயர் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் இருக்கும். இந்த இடத்தில் மறுபடியும் ஆபீஸ் பேரேடே குறுக்கே நின்றது. முன்பு தங்குவதற்குச் சான்று கேட்டு அதே படிக்கட்டில் நின்றவர்கள், இப்போது போவதற்குச் சான்று கேட்டு நின்றார்கள்.

1973, 74இன் பஞ்சம் சட்டம் செய்யாததைச் செய்தது. அரிசி சுருங்கியது, வேலைநாள் குறைந்தது, தோட்டங்களில் பட்டினிச் சாவு நிகழ்ந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் மாறினார்கள், ஆபீஸ் மாறவில்லை. போக விரும்பாதவரும் கிளம்பினார்கள். பதுளையில் இரயிலேறி, பொல்காவலையில் வடபாதைக்கு மாறி, தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பல். அந்தப் பக்கம் மண்டபம் முகாம், குடும்ப அட்டை, 5,000 ரூபா வியாபாரக் கடன், அல்லது கூடலூர், கோத்தகிரி மலைகளில் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் மீண்டும் அதே கூடை. தாயகம் திரும்பியோருக்கென்று 1969இல் ரெப்கோ வங்கியும் தொடங்கப்பட்டது. நீலகிரியில் வேலை கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றே சொல்ல வேண்டும்; கடன் வாங்கி, தெரியாத ஊரில் தெரியாத வியாபாரம் செய்யப் போன தேயிலைத் தொழிலாளரில் பலர் அதை இழந்தார்கள்.

ஒதுக்கிவைத்த 150,000 பேரை 1974 ஜனவரியில் இந்திராவும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். நடைமுறைக் காலம் 1981 ஒக்டோபரில் முடிந்தது என்று இந்தியா கருதியது. இலங்கை அதை ஏற்கவில்லை.

விசா முடிந்தும் போகாதவர்கள்

1983 ஜூலை இனக்கலவரத்தில் பதுளை நகரமும் எரிந்தது. அடுத்த ஆண்டு கப்பல் நின்றது. கையில் இந்தியக் கடவுச்சீட்டு, அதில் காலாவதியான இலங்கை விசா, போவதற்குக் கப்பல் இல்லை: இந்த நிலையில் மலையகம் முழுவதும் 80,000க்கு மேற்பட்டோர் இருந்தனர். சட்டப்படி அவர்கள் மிகைத்தங்கல் செய்தவர்கள். நடைமுறையிலோ, தினமும் காலையில் பெரட்டுக்குப் போய் அரசுத் தோட்டத்தில் வேலை செய்து, அரசிடமே சம்பளம் வாங்கியவர்கள். விசா இல்லாத அந்நியருக்கு அரசே வேலை கொடுத்துக்கொண்டிருந்த இந்த விசித்திரத்தை எந்தத் திணைக்களமும் கிளறவில்லை. கொழுந்து பறிக்க ஆள் வேண்டுமே!

அதன்பின் சட்டங்கள் விரைவாக வந்தன. 1986இன் 5ஆம் இலக்கச் சட்டம், இந்தியாவுக்கு விண்ணப்பிக்காத எஞ்சிய நாடற்றோர் 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை தர ஏற்பாடு செய்தது. அதனால் இலங்கையின் பங்கு 469,000, இந்தியாவின் பங்கு 506,000 என்று 975,000இன் கணக்கு நேரானது. 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம், 506,000க்குள் சேராதவர்களுக்கு வழியை எளிதாக்கியது. தேர்தல் நெருங்கிய ஆண்டு அது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். 2003 ஒக்டோபரில் பாராளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை உண்டு என்றது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவரும் பிரகடனம் செய்து பெறலாம். அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயத்தின் ஆதரவோடும் தொழிற்சங்கங்களின் முயற்சியோடும் தோட்டம் தோட்டமாக நடமாடும் சேவைகள் நடந்தன. பத்து நாளில் 190,000க்கு மேற்பட்டோர் பதிந்தார்கள். 1949இன் சட்டம் பதினைந்து ஆண்டில் செய்ததைவிட இது அதிகம். காரணம் எளியது: இந்த முறை செக்ரோல் கேட்கப்படவில்லை. பிரகடனத்தில் ஒருவரின் சொல்லே ஏற்கப்பட்டது.

கடலைத் தாண்டிப் போனவர்களின் கதை வேறு திசையில் ஓடியது. 1983க்குப் பின் அகதிகளாகத் தமிழகம் போன மலையகத்தவர்களில், உடன்படிக்கையின் கீழ் இந்தியக் குடியுரிமைக்கு உரியவராயிருந்தும் அது கிடைக்காதவர்கள் முகாம்களில் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டார்கள். இலங்கையில் இந்தியர், இந்தியாவில் இலங்கையர். மண்டபம், கொட்டப்பட்டு முகாம்களில் இருந்த இத்தகையோரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இலங்கை தன் பங்கிற்கு 2009இல் சட்டத்தைத் திருத்தி, இந்திய முகாம்களில் இருந்த வம்சாவளியினரும் இலங்கைப் பிரஜாவுரிமை கோர வழிவிட்டது.

பிரஜையின் முகவரி

நாட்டில் இருக்கும் உரிமை 2003இல் தீர்ந்தது. லயத்தில் இருக்கும் உரிமை அதனுடன் தீரவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதைக் காலம் காட்டியது. பெருந்தோட்டத்துக் குடியிருப்பு வேலையோடு வருவது, வேலையோடு போவது. குடும்பத்தில் ஒருவராவது பேர் பதிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே, விருப்பமில்லாத ஒரு பிள்ளை மலைக்குப் போவது ஊவாத் தோட்டங்களில் இன்றும் அறியாத செய்தியல்ல. கடிதம் ஆபீஸுக்கு வரும். அங்கிருந்து லயத்துக்குப் போகும். 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டக் குடியிருப்புகளில் வீதியோ கிணறோ அமைக்கத் தடையாக நின்றது. வரி கேட்கவும் வாக்குக் கேட்கவும் தோட்டத்துக்குள் வந்த சபைக்கு, ஒரு மதகு கட்ட அதிகாரம் இல்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஏன் எழுந்து போகவில்லை என்று கொழும்பிலிருந்து கேட்டவர்கள் இருந்தார்கள். போவதற்கு அவர்கள் பெயரில் வேறு மண் இல்லை; தோட்டம் வேறிடம் காட்டாமல் காம்பிராவை விட்டால் வேலையும் போகும். அந்த அழிவுக்குப் பிறகுதான் தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, உறுதிப் பத்திரத்தோடு, என்ற பேச்சு வேகமெடுத்தது. மீரியபெத்தைக் குடும்பங்களுக்குப் பூணாகலைப் பக்கம் வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன.

ஆனால் காணி யாருடையது? அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. மண் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, 2045 வரை. குடும்பத்துக்குக் காணி கொடுக்க வேண்டுமானால், குத்தகைக் காணியிலிருந்து அந்தத் துண்டைக் கம்பனி விடுவிக்க வேண்டும், நில அளவையாளர் அளக்க வேண்டும், பிரதேச செயலகம் பயனாளிப் பட்டியலை உறுதி செய்ய வேண்டும். அந்தத் தோட்டத்தில் யார், எந்தக் காம்பிராவில், எத்தனை காலமாக இருக்கிறார்கள் என்பதற்கான முதல் பட்டியல் இன்னும் தோட்ட ஆபீஸிலிருந்துதான் வருகிறது.